ஐந்தாம் ஈற்று

கறவைக்காரி இன்னும் இயந்திரத்தை மாட்டவில்லை. காலையில் ஈன்ற சிவலையின் காதை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தாள். பிறகு கொம்பை அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"என்னக்கா, மாட்டுக்கு ஜோசியமா?" என்றார் மேஸ்திரி.

"பொழுது சாயறதுக்குள்ள இது படுத்துடும்ண்ணே. காது சில்லுன்னு கெடக்கு."

மேஸ்திரி பட்டியலைப் பார்த்தார். ஈன்றதும் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிடக்கூடிய மாடுகளைக் கணினி வாரந்தோறும் கணித்துத் தரும். ஏழு எண்கள். சிவலை இல்லை.

"ரெண்டாவது ஈத்துதானேக்கா. வயசான மாட்டுக்குத்தான் வரும்னு நீங்களே சொல்வீங்க."

"வித்தவன் எழுதிக் குடுத்த ரெண்டு. கொம்புல ஈத்துக்கு ஒரு வளையம், எண்ணிப் பாருங்க."

எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். ஐந்துதான்.

அவள் கன்றுக்கு வேண்டிய சீம்பாலை மட்டும் கையால் கறந்துகொண்டு எழுந்தாள். முழுக்கக் கறந்தால் உடம்பில் இருக்கும் மிச்சச் சத்தும் பாலோடு போய்விடும்.

"லிட்டர் குறையுதுக்கா. இந்த வாரம் நீங்க கடைசின்னா சாணக்குழி அள்ளத்தான் போகணும். முதலாளி சொல்லிட்டாரு. உங்க முழங்கால் அதுக்குத் தாங்குமா?"

"மாடு செத்தா மட்டும் லிட்டர் ஏறுமா? வாயப் பாத்துட்டு நிக்காம டாக்டரக் கூப்பிடுங்க."

டாக்டர் வருவதற்குள் சிவலையின் பின்னங்கால்கள் நடுங்கி மடங்கின. தலை விலாப்பக்கம் சாய்ந்தது. கறவைக்காரி மருந்துப் புட்டியை வெந்நீர் வாளியில் வைத்து இதமாக்கித் தந்தாள். டாக்டர் அதைச் சொட்டுச் சொட்டாகக் கழுத்து நரம்பில் இறக்கினார். முக்கால் மணி நேரம் கழித்து சிவலை ஏப்பம் விட்டது, சாணம் போட்டது, எழுந்து நின்றது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும். யாரு கவனிச்சது?" என்றார் டாக்டர். மேஸ்திரி, தானே பிழைக்க வைத்ததைப் போன்ற பெருமையோடு அவளைக் காட்டினார்.

கணினியில் இரண்டை ஐந்தாகத் திருத்தினார்கள்.

சனிக்கிழமை லிட்டர்களைக் கூட்டியபோது ஒன்பது லிட்டர் வித்தியாசத்தில் அவள் கடைசி. "செவலைக்கு விட்ட பால்தாங்க அது" என்றார் மேஸ்திரி. "ஆளுக்கொரு சட்டமா?" என்றார் முதலாளி.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரி சாணக்குழியின் விளிம்பில் வந்து நின்றார்.

"அக்கா, கறுப்பி ஈன்னுருக்கு. பட்டியல்ல இல்ல. எதுக்கும் ஒரு தடவ கைய வச்சுப் பாத்துடுங்களேன்."

மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு ஏறி வந்தாள். முழங்கைவரை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். கறுப்பியின் காதைப் பொத்தினாள். தோள் தசை துடிக்கிறதா என்று கைவைத்துக் கண்ணை மூடி நின்றாள்.

"இதுக்கும் இருக்கு. டாக்டருக்குச் சொல்லிடுங்க. மடியில பாதிய விடச் சொல்லுங்க."

புதிய கறவைக்காரன் இயந்திரத்தின் நான்கு குழாய்களையும் கையில் பிடித்தபடி மேஸ்திரியைப் பார்த்தான்.

"விட்டா, அடுத்த வாரம் குழிக்கு நானாண்ணே?"

மேஸ்திரி டாக்டரைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தார். அவள் அதற்குள் முழங்காலைப் பிடித்தபடி குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.