டாக்டர் கைவைத்த வண்டி

என் வண்டி சூடாகிறது என்று தெரிந்ததும் வீட்டில் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை, டாக்டரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் என்றால் என் நாத்தனாரின் கணவர். வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில். பானெட்டில் காதை வைத்து, கண்ணை மூடி, என்ன நோய் என்று சொல்லிவிடுவார் என்பதால் குடும்பமே சேர்ந்து கொடுத்த பட்டம் அது. அவர் கையில் ஸ்பானர் இருக்கும்போது குறுக்கே பேசினால் எங்கள் வீட்டில் மரியாதை தெரியாதவள் என்று பெயர்.

நான் வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுப்பவள். துணிச் சுருளும் கம்பிகளும் ஏணியும் இந்தப் பழைய வண்டியில்தான் அடங்கும். கணவரின் புது வண்டியில் ஏற்றலாம் என்றால், அதில் நான் மூச்சு விட்டாலே அவர் கண்ணாடியைத் துடைப்பார். வண்டி போனால் என் தொழிலும் போச்சு. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் "பார்த்துக்கலாம்" என்பதுதான் பதில்.

ஓடும்போது வண்டி சமர்த்து. சிக்னலில் நின்றால் மட்டும் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். டாக்டர் முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். அப்புறம் தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய்கள், தண்ணீர் பம்ப். கழற்றியதெல்லாம் வாசல் மூலையில் குவிந்தது, சூடு மட்டும் குறையவில்லை. அவர் தொடாதது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி ஒன்றைத்தான். பழையது சத்தம் போடுகிறது என்று, தன் வண்டிக்கும் என் வண்டிக்கும் ஒரே நாளில் அவரே புதிது வாங்கிப் பொருத்தியது அது. என் வண்டிக்குக் காய்ச்சல் கண்டதும் அதற்கப்புறம்தான்.

"ஃபேனா இருக்குமோண்ணா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதுதான் ஜம்முன்னு சுத்துதேம்மா. நான் மாட்டினது."

அதோடு விசாரணை முடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் வியர்வை வழிய நடந்தே வந்தார். கொஞ்ச நாளாகவே தன் வண்டியை எடுப்பதில்லை, நடைதான், உடம்புக்கு நல்லதாம். பானெட்டில் காதை வைத்தார், பெருமூச்சு விட்டார், கையை விரித்தார்.

"எஞ்சினே போச்சு மச்சான். தண்ணி தெளிச்சு விட்டுடு."

என் கணவர் ஏற்கெனவே தெளித்திருந்தார். அவர் வரச்சொன்ன பழைய இரும்பு வாங்குபவர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"ஒருதடவை ஸ்டார்ட் பண்ணுங்க சார், சத்தம் கேட்டுக்கறேன்" என்றார் இரும்புக்காரர். கணவர் சாவியைத் திருப்பினார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது, முள் ஏறியது, விசிறி சுற்ற ஆரம்பித்தது. நான் முன்பக்கம் நின்றிருந்தேன், தோளில் மெல்லிய வலைத்துணித் துண்டு. ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனால் முதலில் அந்தத் துண்டைப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். அதை வைத்துத்தான் எந்தத் துணி என்று முடிவு செய்வது. கை சும்மா இருக்காமல் அதை வண்டியின் முகத்துக்கு நேராகவும் பிடித்தேன்.

விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்தால்தானே ரேடியேட்டர் ஆறும்? துணி வண்டியின் முன்பக்கக் கம்பிகளில் போய் ஒட்டியிருக்க வேண்டும். அதுவோ என் கையை விட்டுப் பறந்து டாக்டரின் முகத்தில் போய் விழுந்தது.

"ஏங்க, இது காத்தை வெளியில தள்ளுது! ஃபேன் தலைகீழா சுத்துது!"

"மாமா மாட்டினது தலைகீழா சுத்துமா?" என்றார் கணவர், என்னவோ நான் கோவிலில் செருப்போடு நுழைந்ததுபோல.

"சில மாடல்ல அப்படித்தான் வரும்" என்றார் டாக்டர், துணியை முகத்திலிருந்து எடுத்தபடி.

நான் யாரிடமும் கேட்கவில்லை. எஞ்சினை அணைத்தேன். விசிறிக்குப் போகும் இரண்டு ஒயர்களும் கருப்பு. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, குத்துமதிப்பாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார் டாக்டர். பேட்டரியில் ஓடும் மோட்டாரில் ஒயர் இடம் மாறினால் சுற்றும் திசையும் மாறிவிடும். தையல் கத்தரிக்கோலால் டேப்பை வெட்டினேன், ஒயர்களை இடம் மாற்றினேன், திரும்பச் சுற்றினேன். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் வலைத்துணி கம்பிகளில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. காத்திருந்தோம். முள் நடுவில் நின்றது, அதற்கு மேல் ஏறவே இல்லை.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையாம்மா?" என்றார் இரும்புக்காரர்.

வாசல் மூலையைக் காட்டினேன். பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"டாக்டர் எடுத்துப் போட்டது. நீங்க கொண்டு போங்க."

கணவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, டீ போடப் போகிறேன் என்று உள்ளே போனார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் டீ. இரும்புக்காரரும் கிளம்பினார். நான் ஏணியை ஏற்றிக்கொண்டிருந்தேன். வண்டி என்னோடுதான் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் ஏணி கனக்கவே இல்லை.

டாக்டர் மட்டும் போகவில்லை. வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். யாருமில்லை என்று உறுதியானதும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்தத் துணியில இன்னொரு துண்டு இருக்குமாம்மா?"