மாமியார் வைத்த சோதனை

கிரேன் ஓட்டுபவனுக்கு அவன் குடல்தான் முதலாளி. டாக்டர் அதற்கு ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய், என்று பெயர் சொல்லியிருந்தார். ஸ்கேனில் தெரியாது, முழுதாகத் தீராது, அனுசரித்துப் போகலாம். வருடக்கணக்காக அவனும் அனுசரித்துத்தான் போனான். வெங்காயம், பூண்டு, பால் தொடமாட்டான். விடியுமுன் எழுந்து, வயிறு ஒழிந்த பிறகே வேலைக்குக் கிளம்புவான். கிரேனின் உச்சிக் கூண்டுக்கு ஏறிவிட்டால் இறங்குவது லேசில்லை. ஏணிக்கு மேல் ஏணி.

வீட்டோடு வந்து தங்கிய மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. ஆம்பிளைக்கு இத்தனை நோக்காடா என்று பாத்திரங்களிடம் சொல்வதுபோல் அவன் காதில் விழச் சொல்வாள். அவனும் சளைத்தவனில்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால் தட்டோடு எழுந்துபோவான்.

மனைவி வேலை விஷயமாக வெளியூர் போனாள். சமையல் மாமியார் கைக்கு வந்தது. அவனுக்கென்று தனிச் சட்டியில்தான் சூப் வைத்தாள். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் வயிறு லேசாக உப்பியது. அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த நாள், கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது வயிறு முறுக்கியது. சட்டை நனைய வியர்த்தது. கீழே ஆட்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பிக் கட்டை மெதுவாகத் தரையில் இறக்கினான். இறங்குகிறேன் என்று வாக்கிடாக்கியில் சொன்னான். இன்னும் ரெண்டு கட்டு இருக்கிறது, அடக்கிக்கொள் என்றார் மேஸ்திரி. அவன் இறங்கினான். பாதி ஏணியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கீழே நின்றவர்கள் சிரிக்கவில்லை. மூக்கைப் பொத்தாமல், வேறு பக்கம் பார்த்தபடி வழிவிட்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனான்.

"சூப்புல என்ன போட்டீங்க, அத்தை?"

"வெங்காயம். அரைச்சு ஊத்தினேன். மூணு நாளா நல்லாத்தானே குடிச்சீங்க, மாப்பிள்ளை? உங்க வியாதி வயித்துல இல்ல, மனசுல."

நடந்ததை அவன் சொன்னான். பிறகு, "கை கொஞ்சம் நடுங்கியிருந்தா கீழ நின்னவங்க மண்ணுக்குள்ள போயிருப்பாங்க" என்றான்.

அவள் முகம் வெளுத்தது. ஆனால் மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. சோதித்துப் பார்த்தது ஒரு குற்றமா என்று கேட்டுவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுபடி டாக்டரிடம் போனான். பயமும் குடலை முறுக்கும் என்று அவர் சொல்லி, மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார். அதில் கொஞ்சம் குணம் தெரிந்தது. அதை மட்டும் அவன் வீட்டில் சொல்லவே இல்லை. மாமியாருக்கு அந்தச் சந்தோஷம் எதற்கு?

ஊரிலிருந்து திரும்பிய மனைவியிடம், உன் அம்மாவை அனுப்பு என்றான். அவள் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மாவை அனுப்ப மாட்டேன். உங்களையும் குறை சொல்ல மாட்டேன். ஆனா இனிமே ரெண்டு பேருக்கும் நான் சமைக்கப்போறதில்ல."

சொன்னபடியே செய்தாள். மாமியாரும் மருமகனும் இப்போது முறை போட்டு அடுப்படிக்குப் போகிறார்கள், எலியும் பூனையுமாக. தன் சாப்பாட்டு டப்பாவை மூடிய பிறகு, வாசல் தாண்டும்வரை அவன் அதைக் கீழே வைப்பதில்லை.