பொரித் தட்டில் கிடந்த லாக்

…போட்டாச்சு, போடாமலா எஞ்சின் ஹெட்டை மூடுவான் ஜோதிலிங்கம், பதினஞ்சு வருஷம் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் பிரித்தவன், கண்ணைக் கட்டிவிட்டாலும் கை செய்யுமே, அப்புறம் ஆயுத பூசைத் தட்டில், பொரிக்கும் கடலைக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு இது ஏன் கிடக்கிறது? சின்னக் கம்பி வளையம். லாக். பிஸ்டனுக்குள் குறுக்கே இருக்கும் இரும்புப் பின் நழுவி வெளியே வராமல் பிடிக்க, பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு. இடது பக்கம் போட்டது சத்தியமாய் ஞாபகம் இருக்கிறது, உள்ளே விழுந்து தொலையக் கூடாதென்று எஞ்சின் வாயில் துணியைத் திணித்து, மூக்குப் பிளையரால் அமுக்கினான், டிக்கென்று காடிப் பள்ளத்தில் உட்கார்ந்தது. வலது? அப்போதுதான் பாழாய்ப்போன ராம்லீலா மேளம்… மச்சினன் ரத்தினவேல் வேறு பக்கத்தில் குந்திக்கொண்டு, மாமா, வண்டியைப் பாக்க கிரேவால் சாப் ரெண்டு மணிக்கே வந்துருவாராமுங்க என்று… டிக் கேட்டதா? துணியை உருவினது ஞாபகம் வருகிறது, மேளம் வருகிறது, டிக் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

பழசாக இருக்கும், ஆமாம், முந்தாநாள் பழைய பிஸ்டனைக் கழற்றினபோது வந்ததாக இருக்கும், இதற்குப் போயா இப்படி வேர்க்கிறது? "ஏ அருக்காணி, தட்டுல பழைய சாமான் ஏதாச்சும் வெச்சியா?" "பழசென்ன புதுசென்னங்க, கண்ணுல பட்டதுக்கெல்லாம் பொட்டு வெச்சேன், ஏனுங்க?" கெட்டது குடி. பேண்ட்டில் துடைத்துப் பார்த்தான். வளைசலே இல்லை, புதுசு போல் மின்னுகிறது, ஆனால் இவன் கழற்றினால் பழசும் வளையாதே, இத்தனை நாள் அதைச் சொல்லித்தானே பீற்றிக்கொண்டான்.

பிரித்துப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. பிரிக்கிறதாவது! பூசணிக்காய் டயர் போட்ட இந்த மூணு சக்கர ஜப்பான் வண்டி சேற்றில் இழுக்கவில்லை என்றுதான் கிரேவால், தன் சத்தர்ப்பூர் பண்ணைக்காக, சிங்கப்பூரிலிருந்து பெரிய பிஸ்டனும் சிலிண்டரும் வரவழைத்தார், ஹெட்டுக்கு அடியில் வைக்கக் கூட வந்த கேஸ்கெட் தகடு ஒன்றே ஒன்று, முறுக்கினதைப் பிரித்தால் அது குப்பைக்கு, அது இல்லாமல் வண்டி இன்றைக்கு ஓடாது. இன்றைக்கு யமுனை மணலில் ஓட்டிக் காட்டினால் நாளையிலிருந்து ரத்தினவேல் பண்ணை டிரைவர். இல்லையென்றால் ஜாட் பையன் ஒருத்தன் காத்திருக்கிறான், ஆஜ் நஹி தோ கபி நஹி, இன்றைக்கு இல்லையென்றால் என்றைக்குமே இல்லை என்று கிரேவால் கறாராய்ச் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து வந்த நாளாய் வேலையில்லை, மயூர் விஹாருக்குப் பின்னால் இந்தத் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, அக்கா அருக்காணி போடும் சோற்றைத் தலைகுனிந்து தின்கிற பிள்ளை… லாக் இல்லாவிட்டால்? அந்த இரும்புப் பின் மெல்ல மெல்ல நகரும், சிலிண்டர் சுவரைக் கீறும், எஞ்சின் சட்டென்று இறுகிச் சிக்கிக்கொள்ளும், சக்கரம் நிற்கும், வேகத்தில் வண்டி குட்டிக்கரணம் அடித்து ஓட்டினவன் மேலேயே… சீச்சீ, நல்ல நாளும் அதுவுமாய். இருக்கும். போட்டிருப்பேன். ஜோதிலிங்கம் லாக்கை மறந்தான் என்று வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

கிக்கரை மிதித்தான். ரெண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. அடேயப்பா, என்ன கனமான சத்தம், நெஞ்சுக்கூட்டுக்குள் இடிக்கிறது. பார்த்தாயா, ஒரு குறையும் இல்லை… லாக் இல்லாவிட்டாலும் முதலில் இப்படித்தான் ஓடும், அதுவும் தெரியும். அருக்காணி மூணு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். ரத்தினவேல் முகத்தைப் பார்க்கவேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை கெட்டான். சீட்டின் மேல் கையை வைத்தவன் என்ன நினைத்தானோ, விலகி நின்றான். "மாமா, மொத ரவுண்டு நீங்க போங்க. உங்க கைராசி எனக்கு வேணுமுங்க."

போகவேண்டியதுதானே. காலைத் தூக்கிப் போட்டால் முடிந்தது. தூக்கினான்… தூக்கவில்லை. கால் தரையிலேயே இருந்தது, சொன்னால் கேட்கவில்லை. எஞ்சினை அணைத்தான். "அந்த ஸ்பேனரை எடு மாப்ளே."

"ஏனுங்க மாமா, நல்லாத்தானே ஓடுது?"

வெளியே ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அருக்காணி தட்டையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நட்டு இறுகிக் கிடந்தது, இவன் கை முறுக்கினதாயிற்றே. உள்ளே லாக் இருந்தால் வேலையைக் கெடுத்த பாவி, இல்லாவிட்டால் தம்பி உயிரைக் காப்பாற்றின மகராசன் என்று இவளே ஊரெல்லாம் சொல்லுவாள், சொல்லட்டும்… ஆனால் மச்சினன், மொத ரவுண்டு நீங்க என்ற அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் தன்பாட்டுக்கு ஏறி உட்கார்ந்திருந்தால்? எலுமிச்சம்பழம் நசுங்கியிருக்கும், பயல் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு மணலுக்குப் போயிருப்பான், இவனும் இங்கே நின்று பதிலுக்குக் கையை ஆட்டியிருப்பான்… ஆட்டியிருப்பான்தானே?