கச்சிமுகம்மது எம்.பி. நனைந்திருந்த காலம்

கச்சிமுகம்மது எம்.பி.யின் சட்டைக் கையிலிருந்து கடல்நீர் வடியத் தொடங்கியது இரண்டாயிரத்து ஐந்து பெப்ரவரியில், மருதமுனையில் நடந்த நிவாரணக் கூட்டமொன்றில். சுனாமியன்று தென்னையைக் கட்டிப்பிடித்தபடி ஏழு பேரை இழுத்துக் காப்பாற்றியதாக அவர் அன்றுதான் முதன்முதலில் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பு விடுதியில் பத்து மணிவரை அவர் தூங்கியது கல்முனை முழுக்கத் தெரியும். ஆனால் தண்ணீர் உப்புக் கரித்தது. முன்வரிசைக்காரர்கள் நக்கியே பார்த்தார்கள். பிறகு அந்தக் கதையைச் சொன்ன இடமெல்லாம் நனைந்தார். எதிர்க்கட்சி வரிசையில் பாராளுமன்றக் கம்பளம் ஊறியது. ஆளுங்கட்சிக்குத் தாவினார், அந்தப் பக்கமும் ஊறியது. ஊழியர்கள் இரண்டு பக்கமும் தண்ணீர் பிடிக்கப் பேசின் வைத்தார்கள்.

நாளடைவில் அவருடைய பையிலிருந்து பொருட்களும் விழத் தொடங்கின: ஒற்றைச் செருப்பு, சீப்பு, பள்ளிக்கூட டை, யாரோ வீட்டுச் சாவிக்கொத்து. எம்.பி.யின் இணைப்பாளர் மர்சூக் அவற்றைப் பொறுக்கி, அடையாளம் சொன்னவர்களிடம் கொடுத்தான். அஸீஸா ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. அவளுடைய ஆறு வயது மகள் அஸ்னாவை வாசலில் வைத்தே அலை கொண்டுபோயிருந்தது, அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை. ஒலுவிலிலிருந்து பொத்துவில் வரை ஐந்து வருடம் முன்வரிசையில் நின்றாள். அஸ்னாவின் ஒரு கொண்டை ஊசிகூட விழவில்லை.

"அந்தப் பொய்யனுக்குப் பின்னால அலையிறியே, வெக்கமில்லையா புள்ள?" என்றாள் பக்கத்து வீட்டு சல்மா உம்மா.

"பொய்யன்தான் ராத்தா. ஆனா கடல் அவனுக்கிட்டத்தானே வாய் துறக்குது."

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் தேர்தல் வந்தது. சாட்சி எங்கே என்று எதிராளிகள் கேட்கவே, மர்சூக் அஸீஸாவிடம் வந்தான். எம்.பி.யைத் தண்ணீருக்குள் கண்டதாக அவள் மேடையில் சொல்ல வேண்டும். அறிந்து ஒரு பொய் சொல்லாதவள், இரண்டு நாள் யோசித்து ஒரே நிபந்தனை போட்டாள்: காப்பாற்றிய ஏழு பேரில் ஒருத்தி அஸ்னா என்று எம்.பி. தன் வாயால் சொல்ல வேண்டும்.

"அதுக்கென்ன, ஏழு பேருக்கும் நான் இன்னும் பேரே வெக்கல்லதானே," என்றார் கச்சிமுகம்மது.

சொன்னபடி மேடையில் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அஸீஸா மைக்கைப் பிடித்து, "ஓம், நான் கண்டன்," என்றாள். மேடையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. எம்.பி.யின் முதுகுக்குப் பின்னாலிருந்து அஸ்னா வந்தாள். ஆறு வயதுதான், தலை நனைந்திருந்தது. உம்மா, பசிக்குது என்றாள்.

"இது ஆர்ர புள்ள?" என்று எம்.பி. மர்சூக்கிடம் மெல்லக் கேட்டது ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது.

விடிந்தபோது அவர் வீட்டு வாசலில் நானூறு பேர், கையில் பெயர் எழுதிய தாள்களோடு. தம்பிலுவிலிலிருந்து வந்த வல்லியம்மையின் தாளில் மூன்று பெயர்கள். "எங்களுக்காகவும் ஒரு பொய் சொல்லுங்க ஐயா," என்றாள் அவள். எம்.பி. மாடியில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். கடலிலிருந்து திரும்பி வருகிற ஒவ்வொருவரும் வீடு கேட்பார்கள். சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய வீடுகளிலோ அவருடைய சொந்தக்காரர்கள் குடியிருந்தார்கள், அலை எட்டிப்பார்க்காத ஊர்க்காரர்கள். முப்பது வருட அரசியலில் முதல்தடவையாக உண்மையை, அதுவும் சத்தியமிட்டு, சொன்னார்:

"வல்லாஹி, அண்டைக்கு நான் கொழும்பில நித்திர."

சட்டை அந்த இடத்திலேயே காய்ந்தது. 'உண்மை பேசும் வேட்பாளர்' என்று சுவரொட்டி அடித்து வென்று பிரதியமைச்சருமானார். இன்றுவரை ஒரு துளி வடிந்ததில்லை.

அஸ்னாவை முதலாம் ஆண்டில் சேர்த்தார்கள். பிறப்புச் சான்றிதழையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்த அதிபர், 'வளர்ச்சி குறைவு' என்று எழுதிக்கொண்டார். அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபோது, வல்லியம்மை அதே தாளோடு கேற்றில் நின்றாள். இனி என்ன செய்வது தங்கச்சி என்றாள்.

அஸீஸா மகளை இடுப்பில் ஏற்றினாள். "மற்றக் கட்சிக்காரன் இவனவிடப் பெரிய பொய்யன் அக்கா. வாங்க, போய்க் கேப்பம்."