முதல் எட்டு விநாடி

பத்துக் கிலோ வெங்காயத்தில் ஏழு கிலோ முடிந்திருந்தது. தொழிற்சாலைக் கேன்டீனில் அவளுக்குக் கத்தி என்றுதான் பெயர். நறுக்குகிற வேகத்துக்கு வைத்தது என்று மேனேஜர் சொல்வார். அவள் நாக்குக்கு வைத்தது என்று பாத்திரம் கழுவுகிறவர்கள் சொல்வார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இன்று அவளிடம் வாய் கொடுக்க ஒருவரும் வரவில்லை. எப்போதும் எதிரில் உட்கார்ந்து பூண்டு உரிக்கும் பெண்கூடப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள்.

"என்னடி, நான் என்ன கடிச்சா வைக்கிறேன்?"

பூண்டுக்காரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

மேனேஜர் கதவருகே நின்றபடியே கூப்பிட்டு, கையை நீட்டி ஃபோனைக் காட்டினார். அதில் கத்தியின் முகம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமு இருமு என்று இருமுகிறாள். கீழே கொட்டை எழுத்தில், 'டிபியோடு போராடும் இந்தத் தாய்க்கு உதவுங்கள்.'

"ஐயையோ, இது பழசு சார்! எட்டு மாசம் முன்னாடி, மருந்து வாங்கப் போன மொத நாளு எடுத்தாங்க. ஆறு மாசம் ஒரு வேளை விடாம முழுங்கி முடிச்சேன். குணமான பிறகுதான் இங்க வேலைக்கே வந்தேன். டாக்டர் சர்டிபிகேட் வீட்டுல இருக்கு. முழுசாப் பாருங்க, குணமானப்புறம் மறுபடியும் எடுத்தாங்க, நல்லாயிட்டேன்னு கடைசில நானே சொல்றேன்."

"கடைசி வரைக்கும் யாரும்மா பாக்கறா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "நீ பொய் சொல்ற ஆளில்லன்னு எனக்குத் தெரியும். காலையில பாதிப் பேரு தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்து போயிட்டான். ஒவ்வொருத்தன்கிட்டயும் உன் சர்டிபிகேட்டைக் காட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"

வீட்டில் இடுப்பொடிந்து படுத்திருக்கும் கணவன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அடுப்பு எரிவது இவள் கையை நம்பித்தான். கெஞ்சிப் பார்த்தாள். "கணக்கு முடிச்சு வாங்கிக்கோம்மா," என்றார் மேனேஜர், தரையைப் பார்த்து. அவள் கைகழுவி வெளியே வந்தபோது, நறுக்கிய ஏழு கிலோவையும் குப்பைத் தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது. வெங்காயத்துக்குப் பழகிய கண்தான். அப்போது பொங்கிவிட்டது.

நேரே மருந்து கொடுத்த தொண்டு நிறுவனத்துக்குப் போனாள். வீடியோ எடுக்கும் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! உங்களை நாலு லட்சம் பேரு பாத்திருக்காங்க!"

"அதுல எங்க மேனேஜரும் ஒருத்தரும்மா. என் வேலை போச்சு."

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. நாற்காலி போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தண்ணி கிடக்கட்டும். அந்தப் படத்தை எடுத்துடு. இல்லேன்னா நான் குணமானதை முன்னாடி வை."

பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய்த் தொப்பென்று கீழே விழுந்தது. "எட்டாவது விநாடியில முக்காவாசிப் பேரு போயிடறாங்க அக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி சிரிச்ச முகமாத்தான் போட்டோம். நாப்பது பேரு பாத்தாங்க. அதுல முப்பது பேரு எங்க ஆபீஸ்காரங்க. நீங்க இருமினதைப் பாத்துத்தான் இப்ப அறுபது பேருக்கு மருந்து வந்திருக்கு. எப்படி எடுக்கறது, நீங்களே சொல்லுங்க."

கத்தி அந்தக் கோட்டையே பார்த்தாள். தான் விழுங்கிய மருந்தும் இப்படி யாரோ இருமி வந்ததாகத்தான் இருக்கும்.

"நீங்க கையெழுத்துப் போட்டுத்தானேக்கா எடுத்தோம்?" என்றாள் பெண், மெதுவாக.

"போட்டேன். போடாட்டி மருந்து தருவீங்களோ மாட்டீங்களோன்னு போட்டேன்."

"ஐயோ, அதுக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லக்கா!"

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

வெளியே பெஞ்சில் புதிதாக வந்த ஒருத்தி, வீடியோவுக்கான சம்மதப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தியின் செருப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"அக்கா, இதுல போடலேன்னாலும் மருந்து தருவாங்களா?"

"தருவாங்களாம். போடாதே."

அவள் கத்தியைப் பார்த்தாள். பிறகு உள்ளே, கண்ணாடிக் கதவு போட்ட மருந்து அலமாரியைப் பார்த்தாள். எதுக்கு வம்பு என்று முணுமுணுத்தபடி, படிவத்தை முழங்காலில் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

வீடியோ எடுக்கும் பெண் வெளியே வந்து அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "கட்டாயமே இல்லக்கா. உங்களுக்கு விருப்பமிருந்தா மட்டும்தான்," என்றாள், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி.

"இருக்கும்மா, இருக்கு," என்று அவள் அவசரமாகத் தலையாட்டினாள்.

பெண் ஃபோனை உயர்த்தினாள். "பதறாதீங்கக்கா. இருமல் வர்றப்ப வரட்டும்," என்று சொல்லி, கை ஆடாமல் பிடித்தபடி காத்திருந்தாள்.