இரண்டாவது ஜன்னல்

எங்கள் கருவி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. சுவரில் மாட்டினால் அறைக் காற்றை மோந்து பார்க்கும். காற்று கெட்டுவிட்டது என்று பட்டால் ஜன்னல் மோட்டார்களுக்கு இணையம் வழியே சேதி அனுப்பும், ஜன்னல்கள் திறக்கும். நல்ல காற்று வந்ததும் மூடும். இதற்காக நோவி சாட் நகரத்தில் ஏழு பேர் எட்டு மாதமாக உட்கார்ந்திருந்தோம். மற்ற ஆறு பேரை மேய்ப்பது என் வேலை. அதற்கென்று இரண்டு நாள் பயிற்சிக்குக்கூட அனுப்பினார்கள். 'காது கொடுத்துக் கேளுங்கள்' என்று சொல்லித் தந்தார்கள். நான் நன்றாகக் கத்துவேன், கேட்பதுதான் வராது.

ஜூன் மாதத் திங்கட்கிழமை காலை பாஸ் வுக்கோட்டா என்னைக் கூப்பிட்டார். ஆஸ்திரியாவில், கிராட்ஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் எங்கள் பெட்டியை ஒரு வகுப்பறையில் மாட்டிப் பார்த்திருந்தார்கள். ஒரே கணக்கு வகுப்பில் ஜன்னல்கள் நாற்பத்தொரு தடவை திறந்து மூடியிருக்கின்றன. பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு இதை எண்ணியிருக்கிறார்கள்.

"வியாழக்கிழமை ஐக்னர் நேர்ல வர்றார்," என்றார் வுக்கோட்டா. "நம்ம பெட்டியை வாங்கப்போற ஆளு. அவர் முகம் சுளிச்சார்னா நம்ம கதை முடிஞ்சுது. பெல்கிரேடு தலைமை ஆபீஸ்ல இப்பவே ஒரு ஆளைக் குறைக்கச் சொல்றாங்க. இதுக்குக் காரணம் யாரோ அவன் பேரை வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குக் கொடு."

"ஒருத்தர் காரணம்னு எப்படி பாஸ் சொல்றது?"

"அதுக்குத்தான் உனக்குச் சம்பளம், டெசாங்கா."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, மனசாட்சி விழித்துக்கொள்வதற்குள் ஒரு கடிதம் அடித்தேன். அதில் இருந்த பெயர் டிஹோமிர். பெட்டியின் மூளையை எழுதியவர் அவர்தான். வயது ஐம்பத்தெட்டு. கூட்டம் நடக்கும்போது எண்ணெய் வழியும் பூரெக் பலகாரம் தின்பார், அந்த எண்ணெய்க் கையோடு என் வரைபடத்தைத் தொட்டு 'இது தப்பு' என்பார். அது தப்பாகத்தான் இருக்கும், எனக்கு அதுதான் ஆத்திரம். கடிதத்தை அனுப்பவில்லை. வியாழன்வரை கிடக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

பிறகு அவரிடமே போய் நின்றேன்.

"அண்ணே, கிராட்ஸ்ல ஜன்னல் கைதட்டுதாம்."

"இங்க தட்டலையே," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானூத்திப் பன்னிரண்டு சோதனை. எல்லாம் பச்சை, தேறிடுச்சு. கிராட்ஸ்ல பிள்ளைங்க ஏதாவது பண்ணியிருக்கும்."

சோதனைகளை நடத்துவது நெவேனா. அவளும் அதையே சொன்னாள். அவள் பொய் சொல்கிற பெண் இல்லை, ஆனால் சொல்லும்போது கைநகத்தைப் பார்த்தாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும். சோதனை அறைப் பெட்டியின் எட்டு மாதப் பதிவைத் திறந்து உட்கார்ந்தேன்.

அந்த அறையில் இரண்டு ஜன்னல்கள். ஒன்று தெருப் பக்கம், மற்றொன்று அதற்கு நேர் எதிரே, முற்றத்துப் பக்கம். தெரு ஜன்னல் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடியிருந்தது. முற்றத்து ஜன்னல் ஒரே ஒரு தடவை திறந்திருந்தது, அக்டோபரில், முதல் நாள். பதினோரு விநாடி. அதோடு சரி.

சோதனை எப்படிப் பச்சையானது? பெட்டியிடம் "'திற' என்று சொன்னாயா?" என்று கேட்டிருக்கிறார்கள், அது "சொன்னேன்" என்றிருக்கிறது, பச்சை. ஜன்னல் திறந்ததா என்று ஒரு ஜென்மமும் கேட்கவில்லை.

அறைக்குப் போய்ப் பார்த்தேன். முற்றத்து ஜன்னலின் இடுக்கில் நாலாக மடித்த அட்டை. கீழே ஒரு கட்டை. விளிம்பில் பெரிய கள்ளிச்செடித் தொட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, கைப்பிடியைச் சுற்றி ஒரு சைக்கிள் சங்கிலி.

எல்லாரையும் அங்கேயே கூப்பிட்டேன்.

"யார் பண்ணினது?"

எல்லாரும் கள்ளிச்செடியைப் பார்த்தார்கள். பிறகு நெவேனா, "கள்ளிச்செடி என்னோடது அக்கா," என்றாள். "என் நாற்காலி ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல இருக்கு. எதிர்க்காத்து அடிச்சா என் சிறுநீரகம் என்ன ஆகறது?"

"அட்டை நான்தான்," என்றார் டிஹோமிர். "என் மச்சானுக்கு இப்படித்தான் பஸ்ல எதிர்க்காத்து அடிச்சு வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு. மூணு மாசம் சூப்பு மட்டும் குடிச்சான்."

கட்டைக்கும் சங்கிலிக்கும் உரியவர்களும் கையைத் தூக்கினார்கள். மற்ற இரண்டு பேர் தினமும் வந்து எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்களாம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அவர்கள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. புரோமாயா என்பது எதிரெதிர்த் திறப்புகளுக்கு நடுவே ஓடும் காற்று. அது ஆளைக் கொல்லும் என்று எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்பிக்கை என்ன, எங்களுக்கு அது நிச்சயமாகத் தெரியும். நாற்பது டிகிரி வெயிலிலும் டாக்சியில் ஒரு பக்கக் கண்ணாடியைத்தான் இறக்குவோம். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, காசு வாங்கி, புரோமாயாவை உண்டாக்கும் இயந்திரம் செய்திருக்கிறோம்.

"சரி, ஆரம்பிச்சது யாரு? முதல் நாள் பதினோரு விநாடியில மூடினது யாரு?"

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் அக்கா," என்றாள் நெவேனா. "கதவைத் திறந்துட்டு வந்தீங்க. 'எந்த அறிவுகெட்ட ஜென்மம் ரெண்டையும் திறந்துச்சு, எல்லாரும் சாகணுமா'ன்னு கத்திட்டு நீங்களே போய்ச் சாத்தினீங்க. கழுத்துல ரக்கியா சாராயம் தேய்ச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க."

சுத்தமாக மறந்துபோயிருந்தேன். ரக்கியா என்றதும் ஞாபகம் வந்தது. என் இடத்தில் அனுப்பாமல் கிடக்கும் கடிதமும் கூடவே ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"பிழை என்னன்னு இப்பப் புரியுது," என்றார் டிஹோமிர், அட்டையைப் பிடுங்கிக்கொண்டே. "ரெண்டும் திறந்தா காத்து நேரா பெட்டி மேல அடிக்கும். பெட்டி அறையே சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சு மூடும். பிள்ளைங்க மூச்சு விட்டதும் மறுபடி திறக்கும். எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு அதுக்குச் சொல்லித் தரணும். அதுக்கு ரெண்டையும் திறந்துவெச்சு, ஆள் உட்கார்ந்து, அளந்து பார்க்கணும்."

"யாரு உட்கார்றது?" என்றாள் நெவேனா. உடனே எல்லாருக்கும் வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

டிஹோமிர் உட்கார்ந்தார். செவ்வாய், புதன், இரண்டு நாளும். வெளியே முப்பத்தாறு டிகிரி. அவர் பனிச்சறுக்குத் தொப்பியும், மனைவியின் கம்பளிச் சால்வையும், இடுப்பில் ஒட்டக ரோமப் பட்டையும் கட்டிக்கொண்டு வந்தார். என் தவறு என்பதால் நானும் கூட உட்கார்ந்தேன், என் அண்ணனின் குளிர்காலக் கோட்டில். இரண்டு பேரும் வியர்த்து ஒழுகினோம்.

"முகம் கோணலா இருக்கா பாரு," என்பார் அரை மணிக்கொரு தரம்.

"எப்பவும்போலத்தான் இருக்கு அண்ணே."

"அப்ப கோணல்தான்."

கடிதத்தைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் "தண்ணி வேணுமா?" என்றுதான் வந்தது. பயிற்சியில் இதற்கெல்லாம் வழி சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஐக்னர் வந்தார். அரைக்கைச் சட்டை போட்ட, சிரித்த முகம். இரண்டு ஜன்னலும் சத்தமில்லாமல் திறந்தன. நாங்கள் ஏழு பேரும் சுவரோரமாக, மூலைக்கு மூலை பதுங்கி நின்றோம்.

"ஆகா, என்ன காத்து!" என்று ஐக்னர் நட்டநடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க ஏன் அங்க நிக்கறீங்க?"

"இங்கிருந்து பார்த்தா நல்லா தெரியும்," என்றேன்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பதினைந்து. ஜன்னல்கள் கைதட்டவில்லை, திறந்தபடியே நின்றன. டிஹோமிர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். வேண்டுதலாக இருக்கும்.

பத்து பதினேழுக்குக் கதவு படாரென்று திறந்தது. வெயிலில் நடந்து வந்த வுக்கோட்டா, சட்டையெல்லாம் வியர்வையோடு நுழைந்தார். காற்று அவர் ஈரக் கழுத்தில் நேராக அடித்தது.

"புரோமாயா!" என்று அலறினார். "விருந்தாளியைக் கொல்லப் பார்க்கறீங்களா?"

நான் தடுப்பதற்குள் பாய்ந்து போய், முற்றத்து ஜன்னலை இரண்டு கையாலும் பிடித்து அறைந்து சாத்தினார். மோட்டார் 'ம்ம்' என்று ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. பெட்டியோடு இணைத்திருந்த ஐக்னரின் கைபேசியில் மணி அடித்தது. அவர் படித்தார்: 'இரண்டாவது ஜன்னல் கையால் மூடப்பட்டது. எதிர்க்கவில்லை.'

எங்கள் உயிர் போய்விட்டது. தான் செய்தது என்னவென்று வுக்கோட்டாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. கையை ஜன்னலிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

"மோட்டார் உடையலையா?" என்றார் ஐக்னர்.

"உடையாது," என்றார் டிஹோமிர். "யாராவது தடுத்தா சண்டை போடாம விட்டுடும். எட்டு மாசமா இங்க நாங்க அதை மட்டும்தான் சோதிச்சிருக்கோம்."

ஐக்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கிராட்ஸில் முன்பு வைத்த வேறொரு கம்பெனி மோட்டார்களை ஆசிரியைகள் இப்படித்தான் அறைந்து சாத்தி உடைத்தார்களாம், ஒரே மாதத்தில் ஒன்பது. "இதுக்கு இதுவரை யாரும் மருந்து கண்டுபிடிக்கலை. இலையுதிர் காலத்துக்குள்ள நாற்பது பள்ளிக்கு வேணும்," என்றார்.

சாயங்காலம் வுக்கோட்டா என்னைக் கூப்பிட்டார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது.

"எல்லாம் நல்லதா முடிஞ்சுது. ஆனா பெல்கிரேடுக்கு ஒரு பேர் வேணும். ஜன்னலைத் திறக்கவிடாம செஞ்சது யாரு?"

நான் தயாராக எழுதிவைத்திருந்த தாளை நீட்டினேன்.

"எட்டுப் பேர் இருக்கே. முதல் பேர் உன்னோடது!"

"நான்தான் ஆரம்பிச்சேன் பாஸ்."

"உங்க குழுவுல ஏழு பேர்தானே? இந்த எட்டாவது..." என்று கடைசி வரிக்குப் போனார். அதில் நேரமும் போட்டிருந்தேன், பத்து பதினேழு. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பெல்கிரேடுக்கு நான் பேசிக்கறேன். நீ போ," என்றார்.

என் இடத்துக்கு ஓடிவந்து அந்தக் கடிதத்தைத் திறந்தேன். 'டிஹோமிர்' என்ற பெயர் திரையில் பெரிதாக நின்றது. அழித்தேன். அழித்துவிட்டுத் திரும்பினால் பின்னால் அவர் நிற்கிறார், கையில் பூரெக்.

"அண்ணே, அது வந்து..."

"திங்கட்கிழமையே பார்த்துட்டேன்," என்றார். "திரையைப் பூட்டாம எழுந்து போற பழக்கம் உனக்கு."

தெரிந்துகொண்டுதான் இரண்டு நாள் அந்தக் காற்றில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்புறம் ஏண்ணே உட்கார்ந்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நாலு தடவை வாயைத் திறந்தே. நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்." பூரெக்கை இரண்டாகப் பிய்த்தார். "தண்ணி வேணுமான்னு கேட்டே. குடிச்சுக் குடிச்சு எனக்கு வயிறு உப்பிப்போச்சு."

பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு தின்றேன்.