வீடு தேடி வரும் வாக்கியங்கள்

காங்கேயத்தில் ஒருவர் தப்பாகப் பேசிய வாக்கியம் அவருடைய வீட்டுக்கே வந்து தங்கிவிடும். சரியாகப் பேசியது யாரிடம் சொன்னோமோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும், திரும்பாது. தமிழில் தப்பு விடுகிறவர்கள் ஊரில் அவ்வளவாக இல்லாததால், வருவதெல்லாம் இங்கிலீஷ் வாக்கியங்கள்தான். முழங்கால் உயரம் இருக்கும். பெரும்பாலும் ஒரு கால் குட்டை. சொன்னதையே முணுமுணுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கும்.

வீடு என்றால் வாடகை கொடுக்கிற இடம் இல்லை. மனசு எதை வீடென்று வைத்திருக்கிறதோ அது. மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜரின் வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக பஸ் ஏறி பரமக்குடிக்குப் போயின. கண்டக்டர் அவற்றுக்கு அரை டிக்கெட் போட்டார்.

நாச்சிமுத்துவின் வீட்டில் ஒரு வாக்கியம்கூட இல்லை. இங்கிலீஷில் புலி என்று நினைத்துவிட வேண்டாம். மனுஷன் வாயே திறக்கவில்லை, அவ்வளவுதான். வாசலில் நாலு நொண்டி வாக்கியம் உட்கார்ந்திருந்தால் தெருவே சிரிக்குமே என்று பயம்.

அவருடைய ஒரே மகள் வளர்மதி போன வருஷம் கனடாவில் தவறிப்போனாள். அவள் பெண் ஆதிரைக்குத் தமிழ் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை பிரகதீஷ் ஃபோனைப் போட்டு அவள் கையில் கொடுப்பான். நாச்சிமுத்து அதற்காக வாரம் முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் கட்டி, இங்கிலீஷாக்கி, ஹெலன் டீச்சரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் காட்டிச் சரிபார்த்து வைத்திருப்பார். அங்கே மழையா என்று கேட்பார். பேத்தி பதிலுக்கு என்ன சொன்னாலும் “எஸ், எஸ்” என்பார். பிறகு ஃபோன் வைக்கப்படும்.

ஒருநாள் மாப்பிள்ளையே பேசினான்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. கஸ்டமர் கேர்ல பேசற மாதிரி இருக்குதுன்னு பாப்பா சொல்றா. வர்ற ஞாயித்துக்கிழமையோட நிறுத்திக்கலாங்களா?”

வளர்மதியின் சிரிப்பு இந்த உலகத்தில் அந்தக் குழந்தையிடம்தான் மிச்சம் இருந்தது. அதுவும் போய்விட்டால் நாச்சிமுத்து எதற்காகக் காலையில் எழுந்திருக்க வேண்டும்?

ஹெலன் டீச்சரிடம் ஓடினார்.

“தப்பு வந்துருமோன்னு வாயை மூடிக்கிறீங்க பாருங்க, அதைவிடப் பெரிய தப்பே இல்லீங்க,” என்றார் டீச்சர். “ஒவ்வொரு வார்த்தைக்கும் இஸ்திரி போட்டுட்டு இருந்தா எதிர்ல இருக்கறவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. வந்ததைப் பேசுங்க.”

“வீட்டுக்கு வந்துருமுங்களே டீச்சர்.”

“வரட்டும். பாய் விரிச்சுப் போடுங்க.”

பக்கத்து வீட்டுச் சரசாத்தாள் வடநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷ் பேசியே தேங்காய் எண்ணெய் விற்கிறவள். தன் வாக்கியங்களை வரிசையாக உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். “எங்கூட்டுக்காரருக்கே படுக்க எடமில்லீங்கண்ணா,” என்றாள். “ஆனா கொண்டுபோன எண்ணெய் அத்தனையும் வித்துருச்சுங்களே!”

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் பேசினார். சின்ன வயதில் வளர்மதி மாட்டுச் சந்தையில் ஒரு காளை மேல் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த கதையைச் சொன்னார். காளைக்காரர் கெஞ்சியதை, மிட்டாய் காட்டியதை, சந்தையே வேடிக்கை பார்த்ததை, வாய்க்கு வந்தபடி கொட்டினார். மூச்சுவிட நிறுத்தியபோது லைன் கட்டாகிவிட்டது.

மத்தியானத்திலிருந்து அவருடைய வாக்கியங்கள் வரத் தொடங்கின. ஒன்றுகூட அங்கே தங்கவில்லை. நாச்சிமுத்து பாய் விரித்தார். எல்லாம் கூடம் நிறைய உட்கார்ந்து வளர்மதியைப் பற்றியே முணுமுணுத்தன. ஒன்று காளை என்றது. ஒன்று மிட்டாய் என்றது. அவர் நடுவில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார். தெருவில் யாரும் சிரிக்கவில்லை. சரசாத்தாள் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இவரே போட்டுப் பார்த்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குற்றமில்லாத இங்கிலீஷில் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் வாசலில் ஏதோ நின்றது. மற்றவற்றைவிடச் சின்னது. இரண்டு காலும் குட்டை. தலையில் பனி ஒட்டியிருந்தது. யாரிடமும் வழி கேட்காமல் நேராக உள்ளே வந்து, கூடத்தில் மற்றவை நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தது.

“தாத்தா, அம்மா காளை கீழே எப்போ வந்தான்?” என்று தமிழில் கேட்டது.

நாச்சிமுத்து தோள் துண்டால் அதன் தலையைத் துவட்டிவிட்டார்.

“பொழுது சாஞ்சப்புறந்தான் கண்ணு எறங்குனா,” என்றார்.

அவர் சொன்னது சரியான தமிழில் இருந்ததால் அந்தப் பதில் வீட்டில் நிற்கவில்லை. கொடியில் கிடந்த அவருடைய கம்பளியை எடுத்து நன்றாகப் போர்த்திக்கொண்டு கனடாவுக்குக் கிளம்பியது.